தானாக ஏறும் எண்ணே போதும்

ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் ஆட்களைப் பதியும் தரவுத்தளம் எதுவானாலும், அதன் முதன்மைச் சாவி அடையாள அட்டை எண்ணாக இருக்கக் கூடாது. பழைய எண்ணில் பிறந்த ஆண்டும், பிறந்தது அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதும் அடங்கியிருக்கும்; பெண்ணென்றால் நாளோடு 500 கூட்டுவார்கள். 1995 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்தவளுக்கு 95532 என்று தொடங்கும். 2016இல் இந்த எண்முறையே 12 இலக்கத்துக்கு மாறியது.

1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழரில் பலர் 2003 வரை குடியுரிமைக்குக் காத்திருந்தார்கள்; குடியுரிமை இல்லாமல் அட்டையும் கிடைக்கவில்லை. அட்டையில்லாத கொழுந்துக்காரியை அப்படியொரு அட்டவணை ஏற்காது. முதன்மைச் சாவி வெறுமையாக இருக்க முடியாதே!

1, 2, 3 என்று தானாக ஏறும் எண் அவளிடம் எந்தப் பத்திரமும் கேட்பதில்லை. அட்டை எண்ணுக்குத் தனியாக ஒரு நிரல் வைத்தால் போதும். பிறகு அந்த எண்ணில் பிழை தெரிந்தாலும், அவளோடு இணைத்த சேமலாப நிதிப் பதிவுகளைத் தொடாமலே திருத்திவிடலாம்.