கறுப்புப் பையின் கணக்கு

கல்யாணத்துக்கு எடுக்கும் ஒவ்வொரு புடவைக்கும் அதே நிறத்தில் ஒரு பொட்லி பை, அதற்கேற்ற செருப்பு என்று 'செட்'டாக வாங்குவது இப்போது சகஜமாகிவிட்டது. ரவிக்கைத் துணிக்காக மேட்சிங் சென்டரில் புடவைத் தலைப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தே பழகியவர்களுக்கு இது அடுத்த படிதான். பையும் செருப்பும் பொருந்தியிருக்க வேண்டும் என்பது மேல்நாட்டு நாகரிகத்தின் பழைய விதி என்று இதற்கு ஒரு நியாயமும் சொல்கிறார்கள். விதி பழையதுதான், ஆனால் அது சொன்னது வேறு. பையும் ஷூவும் தங்களுக்குள் பொருந்தட்டும், உடை எப்படியோ போகட்டும் என்றது அது. ஒரு செலவைப் பத்து உடைக்குப் பங்கிட்டுக்கொள்ளும் சிக்கன ஏற்பாடு. அதைத்தான் நாம் பத்து உடைக்குப் பத்துச் செலவாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். 18ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பியப் பெண்ணுக்குக் கைப்பையே தேவைப்படவில்லை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பைபோல, இடுப்பில் கட்டிய துணிப்பை பாவாடைக்குள்ளே தொங்கியது. 1790களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய மஸ்லின் கவுன் வந்ததும் உள்ளே இடமில்லாமல் போய், 'ரெடிக்யூல்' என்ற சிறு பை கைக்கு வந்தது. ஷூ கண்ணில் படுவதற்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த பாவாடை முதல் உலகப் போர்க் காலத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறி, 1920களின் நடுவில் முழங்காலை நெருங்கியது. கையில் தோல், காலில் தோல், இரண்டும் ஒரே பார்வையில் விழுகின்றன. இரண்டும் ஒத்துப்போகட்டும் என்று தோன்றுவது இயல்பு. அதன்பின் போர்க்காலத் தட்டுப்பாடு வந்தது. பிரிட்டனில் 1941 ஜூனில் துணிமணிக்கு ரேஷன் தொடங்கியபோது ஒருவருக்கு முதல் ஆண்டுக்கு 66 கூப்பன். கம்பளி கவுன் ஒன்றுக்கு 11, பெண்கள் ஷூ ஒரு ஜோடிக்கு 5. இந்த ரேஷன் 1949 வரை நீடித்தது. அப்படிப்பட்ட நாட்டில் கவுனுக்கு ஒரு ஷூ என்ற பேச்சுக்கே இடமில்லை. கறுப்போ பழுப்போ ஒன்றைத் தேர்ந்துகொண்டு, எல்லா உடைக்கும் அதையே போட்டாக வேண்டும்.

ரேஷன் போய்ப் பணம் வந்த பிறகும் விதி நின்றதே, அப்படியானால் அது அந்தஸ்துதானே என்று கேட்கலாம். பணத்துக்குக் குறைவே இல்லாத ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் எலிசபெத் ராணியின் கோட்டு எலுமிச்சை மஞ்சளாகவோ கிளிப்பச்சையாகவோ இருக்கும். கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் ராணி எங்கே என்று தெரிய வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த நிறங்கள். தொப்பியும் அதே நிறத்தில். கையிலும் காலிலும் மட்டும் பெரும்பாலும் கறுப்பு: 1968இல் அரண்மனை அங்கீகாரம் பெற்ற லானர் நிறுவனத்தின் பை, அனெல்லோ அண்ட் டேவிட் தைத்த தடித்த குதிகால் ஷூ. கோட்டுக்குக் கோட்டு சாயமேற்றிய பை அவருக்கு ஒரு பெரிய செலவா என்ன? ஆனாலும் தொப்பியையும் கோட்டையும் பேசவிட்டு, பையும் ஷூவும் ஒதுங்கி நின்றன. புது ஷூ காலைக் கடிக்காமலிருக்கத் தானே முதலில் அதைப் போட்டு நடந்து பழக்கியதாக அவருடைய உடை அலுவலர் ஏஞ்சலா கெல்லி 2019இல் வெளிவந்த தன் நூலில் எழுதியிருக்கிறார். அத்தனை பாடுபட்டுப் பழக்கிய ஜோடியை ஒருநாள் கோட்டுக்காக மாற்றுவார்களா?

தோலின் குணத்தைப் பார்த்தாலும் இதே முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத் தொழிற்சாலைகளில் தோல் வெட்டுபவர்களுக்கு இது பாலபாடம். ஒரே தோலில் முதுகுப்பகுதி இறுக்கமாகவும் வயிற்றுப்பகுதி தளர்வாகவும் இருக்கும். இரண்டும் சாயத்தை ஒரே மாதிரி வாங்குவதில்லை. அதனால் இடது ஷூவுக்கும் வலது ஷூவுக்குமான துண்டுகளை ஒத்த இடங்களிலிருந்து பார்த்துப் பார்த்து வெட்டுகிறார்கள். ஒரு ஜோடி ஷூவுக்குள்ளேயே நிறம் சேர்ப்பது இந்தப் பாடு என்றால், வேறொரு தொழிற்சாலையில் வேறொரு தோலில் செய்த பையோடு எப்படிச் சேரும்? கடை விளக்கில் சேர்ந்ததாகவே வைத்துக்கொள்வோம். ஷூவின் முன்பாகத் தோல் அச்சின்மேல் இழுத்துப் போர்த்தப்பட்டது. நடக்க நடக்க மடிப்பில் வெளுக்கும், பாலிஷ் போட்டால் கருக்கும். பையின் உடம்பு அப்படியே இருக்க, கைப்பிடி மட்டும் வியர்வையும் எண்ணெயும் ஏறிக் கருத்துப்போகும். ஆறு மாதத்தில் இரண்டும் வேறு வேறு பழுப்பு. வேறு நிறம் கண்ணை உறுத்தாது. கிட்டத்தட்ட அதே நிறம் உறுத்தும். கறுப்புக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு என்பதால்தான் விதி பெரும்பாலும் கறுப்பிலேயே வாழ்ந்தது. பழுப்புப் பை வைத்திருப்பவர் ஷூவை நாலு படி தள்ளித் தேர்ந்தெடுப்பது நல்லது. அப்போது அது வேண்டுமென்றே செய்ததாகத் தெரியும்.

தோல் வேண்டாம், துணியில் செய்து சாயம் போட்டுக்கொள்கிறோம் என்றால்? அமெரிக்காவில் மணப்பெண் தோழிகளுக்கு அப்படி ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளை சாட்டின் ஷூவை வாங்கி, கவுன் துணியில் ஒரு துண்டைக் கொடுத்தால் அதே நிறத்தில் சாயம் ஏற்றித் தருவார்கள். மழையில் நனைந்தால் சாயம் காலில் இறங்கும். இறங்காவிட்டாலும் அந்தக் கவுனைத் தவிர வேறெதற்கும் ஆகாத ஷூ அது. நம் பொட்லி பைக்கும் இதே கதிதான், போதாததற்குப் பெரிய செல்போனைப் போட்டால் அதன் தலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாம் கறுப்பு என்றால் சலிக்காதா என்ற கேள்வி நியாயமானது. 1957இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் ஷனேல் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார். மஸாரோ என்ற காலணிக் கலைஞரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த ஷூவின் உடம்பு மணல் நிறம், நுனி மட்டும் கறுப்பு. மணல் நிறம் காலோடு கலந்து காலை நீளமாகக் காட்டியது; கறுப்பு நுனி பாதத்தைச் சிறிதாகக் காட்டி, அழுக்கையும் மறைத்தது. அதோடு எந்தப் பையும் போகும், எந்த உடையும் போகும். சலிப்பைப் போக்கினார், எண்ணிக்கையைக் கூட்டவில்லை.

புடவைக்கு இந்த விதி அரைகுறையாகத்தான் பொருந்தும். கொசுவம் பாதத்தை மூடுகிறது. நடக்கும்போது விரல் நுனி தெரிந்தால் உண்டு. கோயில் வாசலிலும் மணமேடைக்குக் கீழேயும் செருப்பு கழன்றுவிடுகிறது. குவியலில் கிடக்கும் செருப்பின் நிறத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அதற்கு ஆகும் பணத்தைக் குதிகாலுக்கு இதமான அடிப்பாகத்துக்குக் கொடுக்கலாம். பைக்கு மட்டும் ஒரு நிறம் வேண்டுமென்றால், கறுப்பு செய்த வேலையைப் பட்டுப்புடவையில் சரிகை செய்கிறது. மினுமினுப்பு அடங்கிய பொன்னிறத்தில் ஒரு கிளட்ச், அதே சாயலில் ஒரு செருப்பு இருந்தால் அரக்கு, மயில்கழுத்து, எலுமிச்சை என்று பீரோவில் உள்ள பட்டுக்கெல்லாம் அதுவே போதும். வெள்ளிச் சரிகைப் புடவைக்கு என்ன செய்வது என்பார்கள். அதோடு தங்க வளையலும் தங்கச் சங்கிலியும் போட்டுக்கொள்ள யாரும் தயங்கியதில்லை.