பழமணச் செடியும் நாட்டுக்கு நாடு மாறும் சட்டமும்

வீட்டு முற்றத்திற் செடி வளர்ப்பது குற்றமற்ற இன்பங்களுள் ஒன்று என்பதை மறுப்பார் இலர். ஆயின் எந்த நாட்டு முற்றத்தில் எந்தச் செடி என்னும் கேள்வி, புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களிடையே இன்று புதியதொரு கவலையாக எழுந்துள்ளது. கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன் பின்னர் ஸ்கெலட்டன் முதலிய பகுதிகளில் பிறந்த பிள்ளைகள் பெங்களூருக்கும், அதற்கு அப்பால் அயல்நாடுகளுக்கும் பிழைப்பை நாடிச் செல்வாராயினர். அவ்வாறு செல்லும் நாடுகளுள் கானடாவிலும் ஜெர்மனியிலும், வயது வந்தோர் தம் வீட்டிற் கஞ்சாச் செடி வளர்ப்பது சட்டம் அனுமதித்த செயலாகும். ஊரிலுள்ள பெற்றோர்க்கோ அப்பெயரே அச்சம் தருவது. இரு சாராரும் உண்மையை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இம்மாதம் இதனை எடுத்துக்கொண்டோம்.

குளிர் நாட்டிற் பலர் விரும்பி வளர்ப்பது, எலுமிச்சை, மாம்பழம் போன்ற மணம் கமழும் ‘சாட்டிவா மிகுந்த’ கலப்பினமாகும். சாட்டிவா என்பது 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர். இலத்தீன் மொழியில் ‘பயிரிடப்படுவது’ என்று பொருள்படும். 1785இல் லாமார்க் என்னும் பிரெஞ்சு அறிஞர், இந்தியாவினின்று கிடைத்த செடியைத் தனி இனமெனக் கொண்டு ‘இண்டிகா’ எனப் பெயரிட்டார். நெடிது வளர்ந்து ஒடுங்கிய இலை விடுவதைச் சாட்டிவா என்றும், குட்டையாய் அகன்ற இலை விடுவதை இண்டிகா என்றும் வணிகர் வழங்குவர். எனினும் 2021இல் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி ஒன்று, இப்பெயர்ச் சீட்டுகளுக்கும் செடியின் உண்மையான மரபுக்கும் பொருத்தம் மிகக் குறைவு என்று காட்டியது.

இச்செடியைக் குளிர் நாட்டில் வளர்ப்பது எளிதன்று. அதற்குக் குளிர் மட்டும் காரணமன்று. பூப்பதற்குரிய காலத்தை இச்செடி இரவின் நீளத்தைக் கொண்டே அறிகிறது. 13 பாகை வட அட்சரேகையை ஒட்டிய நம் தங்கவயலில், ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே. பெர்லின் நகரிலோ நடுக்கோடையில் பகல் 16 மணி 50 நிமிடம். டிசம்பரில் 8 மணிக்கும் குறைவு. வெப்ப நாட்டு மரபுடைய செடி, அங்கே கோடை முழுவதும் இலையும் தண்டுமாக ஓங்கி, இரவு நீளத் தொடங்கிய பின்னரே பூக்கத் தலைப்படுகிறது. பூ முற்றுவதற்குப் பத்து வாரமும் அதற்கு மேலும் வேண்டும். அதற்குள் இலையுதிர்கால மழை வந்து பூவைச் சாம்பற் பூஞ்சைக்கு இரையாக்கும். அதனைத் தொடர்ந்து உறைபனியும் வந்துவிடும். இக்காரணம் பற்றியே, 1924இல் ருஷ்யத் தாவர நூலார் யானிஷெவ்ஸ்கி விவரித்த ‘ருடெராலிஸ்’ வகையோடு கலந்து புதிய இனங்களை உண்டாக்கினர். அவ்வகை இரவின் நீளத்தை எதிர்பாராது, வயது வந்தவுடன் பூக்கும் இயல்பினது.

இனி, பழமணத்தைப் பற்றி ஒரு சொல். அம்மணத்தைத் தருவன டெர்பீன் முதலான ஆவியாகும் பொருள்கள். ஆரஞ்சுத் தோலில் உள்ள லிமோனீனும், மாம்பழத்தில் உள்ள மிர்சீனும் இச்செடியிலும் உள்ளன. போதை தருவதோ டி.எச்.சி. என்னும் வேறொரு பொருள். அதனை 1964இல் இஸ்ரேலில் மெக்கோலம், கவோனி என்னும் இரு விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து அதன் அமைப்பை விளக்கினர். அதற்கு மணமில்லை. ஆகவே பழம்போல் மணப்பதனால் இது மென்மையானது என்று எண்ணுவது பெரும் பிழை. அமெரிக்காவிற் கைப்பற்றப்பட்ட சரக்கில் 1995இல் சராசரி 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி., 2014இல் 12 சதவீதமாக உயர்ந்தது. இளம் வயதிலேயே தொடங்குவோர்க்கும், குடும்பத்தில் மனச்சிதைவு நோய் உள்ளோர்க்கும் இதனால் விளையும் தீங்கு மிகுதி என்பது மருத்துவர் கருத்து.

இது நிற்க. கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில், இதமான தட்பவெப்பம் வாய்ந்த தங்கவயலில் இரண்டு விதை ஊன்றினால் என்ன என்று விடுமுறைக்கு வரும் பிள்ளைக்குத் தோன்றலாம். நம் மண் அதற்கு இடம் தரலாம், சட்டம் தாராது. முற்காலத்தில் நிலை வேறாக இருந்தது. 1893-94இல் ஆங்கில அரசு அமைத்த சணல்வகைப் போதைப்பொருள் விசாரணைக் குழு, 1,193 சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டா, வரியும் கட்டுப்பாடும் போதும் என்றே முடிவு கூறிற்று. ஆயின் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி, உரிமமின்றி ஒரு செடி வளர்ப்பினும் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். பூவோடு சேராத விதையும் இலையும் ‘கஞ்சா’ என்னும் வரையறையில் அடங்கா என்பது மெய்யே. எனினும் அவ்விதையை முளைக்கவிடுவதே குற்றம் என்பதை மறத்தலாகாது. அன்றியும், அயல்நாட்டு விதை எதனையும் உரிய அனுமதியின்றிக் கொண்டுவருதல் 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணைக்கு மாறானது.

அயல்நாடுகளிலும் உரிமை எல்லையற்றதன்று. கானடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வீடொன்றுக்கு நான்கு செடி வரை மத்திய சட்டம் அனுமதிக்கிறது. ஆயினும் கியூபெக் மாகாணம் வீட்டில் வளர்ப்பதைத் தடுத்துள்ளது. 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதி செய்தது. ஜெர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல் வயது வந்தோர் ஒருவர் மூன்று செடி வளர்க்கலாம். அவை குழந்தைகளின் கைக்கு எட்டாதிருத்தல் வேண்டும். சிங்கப்பூரிலோ 500 கிராமுக்கு மேற்பட்ட கஞ்சாவைக் கடத்துவோர்க்கு மரண தண்டனை உண்டு. 2023 ஏப்ரலில், ஏறத்தாழ ஒரு கிலோ கஞ்சா பற்றிய வழக்கில் அந்நாட்டுத் தமிழர் ஒருவர் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டிற் புகைத்து வந்தாலும் அங்கே குற்றவாளிகளே. டொரன்டோவிற் கடையில் வாங்கியதற்கு ரசீது உண்டு என்று வேறொரு நாட்டின் சுங்க அதிகாரியிடம் வாதிட்டுப் பயனில்லை.

ஆதலின் பெற்றோர்க்கு நாம் கூறுவது: சட்டம் அனுமதித்த நாட்டில் மகன் வீட்டுப் பலகணியில் இச்செடி நிற்பதைக் கேட்டமாத்திரத்தில் அவனைக் குற்றவாளி என்று எண்ணிப் பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். அவன் புகைக்கிறானா, எவ்வளவு, உறக்கமும் வேலையும் ஒழுங்காக உள்ளனவா என்று பொறுமையோடு கேளுங்கள். அஞ்சி மறைக்கும் பிள்ளைக்கு உதவி செய்வது அரிது. இந்தியாவில் உள்ளோர் இப்பழக்கத்தினின்று மீள உதவி நாடினால், 14446 என்னும் தேசிய எண்ணுடன் கட்டணமின்றித் தொடர்புகொள்ளலாம்.

பிள்ளைகட்குக் கூறுவது: ஊருக்குப் புறப்படுமுன் உங்கள் பெட்டியையும் சட்டைப் பையையும் ஒருமுறைக்கு இருமுறை சோதியுங்கள். பிறர் தரும் பொட்டலத்தை, உள்ளே இருப்பது இன்னதென்று கண்ணாற் காணாமல் ஏற்காதீர்கள். ஒரு தேசம் அளித்த உரிமை அதன் எல்லையோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கு இப்பால் அதனால் வரும் துன்பத்தை நீங்கள் மட்டும் அனுபவிப்பதில்லை. ஜாமீனுக்காக வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்ற வாயிலில் நிற்க வேண்டியவர் உங்கள் தாயாரே.