கொட்டாப்புளிக்குக் குலம் எதற்கு?

சிவகிரியில் மோட்டார் காயில் சுற்றுவது என் பிழைப்பு. கரும்பும் எலுமிச்சையும் கிணற்றுத் தண்ணீரை நம்பி நிற்கிற ஊர். மோட்டார் எரிவதற்குக் குறைவே இல்லை. வீட்டோடு சேர்ந்த பட்டறையில் காப்பர் கம்பி, புஷ், பேரிங், கெப்பாசிட்டர் எல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் கிடந்தன. அவற்றுக்கென்று ட்ராயர் வைத்த அலமாரி ஒன்றை நானே செய்தேன். பார்க்க வந்தவர்கள் செலவைக் கேட்கவில்லை. "ஆசாரியக் கூப்பிட வேண்டியதுதான, உமக்கு எதுக்குவே இந்த வேலை?" என்றார்கள். கேள்வியில் அக்கறை இருக்கிறது. சாதியும் இருக்கிறது.

இடித்த வீட்டுக் கைமரத்தை அறுத்துப் பலகையாக்கினேன். மரம் நீளவாக்கில் அசையாது. குறுக்குவாக்கில் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். ஐப்பசி மழையில் இறுகிக்கொள்ளும் ட்ராயர் சித்திரையில் கடகடக்கும். அதனால் அடிப்பலகைக்குப் பசை கூடாது. காடியில் செருகி, விரிய இடம் விட வேண்டும். காப்பர் கனத்துக்குக் கட்டைமேல் ஓடுகிற ட்ராயர் சரிவராது. பால் பேரிங் சேனல் வேண்டும். அதற்கு இருபுறமும் நாலு நூல் இடைவெளி. ஒரு நூல் குறைந்தால் ட்ராயர் உள்ளேயே போகாது. ஆழமாகவும் செய்யக்கூடாது, அடியில் கிடக்கிற புஷ் கண்ணில் படாது.

இதெல்லாம் பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தது. அவர் மகன் கோயம்புத்தூரில் கணக்கு எழுதுகிறான், உளியைத் தொட்டதில்லை. அது அவன் விருப்பம், நல்லதுதான். ஆனால் அண்ணாச்சி சொன்னார்: "வேற வீட்டுப் பிள்ள ஒண்ணுகூட எங்கிட்டப் படிக்கணும்னு வந்ததில்ல தம்பி."

எப்படி வரும்? 1953-இல் ராஜாஜி அரசு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் திட்டம் போனது. போக வேண்டியதுதான். 2023-இல் ஒன்றிய அரசு கைவினைஞர்களுக்கென்று கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம், அது குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்றது. தமிழக அரசு மறுத்து, 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பத் தொழில் என்கிற நிபந்தனை இல்லை, வயது 35 ஆகியிருக்க வேண்டும். அதுவும் சரியே.

ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு மரத்தைத் தொட ஆசை வந்தால் எங்கே போகும்? குலத்தை விரட்டிய வேகத்தில் உளியையும் பள்ளிக்கு வெளியே போட்டுவிட்டோம். பின்லாந்தில் 1866-லேயே கிராமப் பள்ளிப் பையன்களுக்குக் கைவேலையைக் கட்டாயமாக்கினார்கள். அப்பன் யார் என்று யாரும் கேட்கவில்லை.

மறுபடி குலக்கல்வியா என்று சிலர் கோபப்படலாம். ஆசாரி மகனுக்கு மட்டும் உளி கொடுத்தால்தான் அது குலக்கல்வி. டாக்டர் மகள் இழைப்புளி பிடிக்கட்டும், ஆசாரி மகள் என்னிடம் வந்து காயில் சுற்றட்டும். ஐ.டி.ஐ. இருக்கிறதே என்றால், அது பிழைப்பைத் தேர்ந்தெடுத்த பிறகு போகிற இடம். அதற்கு முன்னால், அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலேயே ஒரு மரமேசையும் நாலு உளியும் வரட்டும். சொல்லிக்கொடுக்கிற ஆசாரிக்கு வாத்தியார் சம்பளம், வாத்தியார் மரியாதை. பின்னக் கணக்கையும் அங்கேயே நடத்தலாம்: எட்டு நூல் ஓர் அங்குலம்.