லேசருக்குப் பணம் உண்டு, பயிற்சிக்கு நேரம்?

இடது கழுத்தில் சுரீரென்று ஆரம்பிக்கும். தோள் வழியாக இறங்கி, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகும். ராத்திரியில் கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால்தான் கொஞ்சமாவது தூக்கம். 'வாயுப் பிடிப்பு' என்று மாமியார் தைலம் தேய்த்தார். மாரடைப்போ என்று பயந்து ஈ.சி.ஜி.யும் எடுத்தாயிற்று.

கடைசியில் எலும்பு டாக்டர்தான், கழுத்து எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது என்றார். பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே சில வாரங்களில், மாதங்களில் குறைந்துவிடுமாம். கையில் பலம் குறைந்து பாத்திரம் நழுவினாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ மட்டும் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் வரச் சொன்னார்.

பிசியோதெரபியில் லேசர் என்றதும் சுட்டுவிடுமோ என்று நடுங்கினேன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, பேனா மாதிரி ஒன்றைக் கழுத்தில் அங்கங்கே வைத்து எடுத்தார்கள். அவ்வளவுதான், சூடுகூடத் தெரியவில்லை. பத்து நாளில் வலி பாதியானது. என் கணவர் முகம் சுளிக்காமல் பணம் கட்டினார், வண்டியில் கொண்டுவிட்டார். அதில் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் பிசியோதெரபி பெண் முதல் நாளே சொல்லிவிட்டார்: "அம்மா, லேசர் வலியைக் குறைக்கும். அந்தச் சமயத்தில் பயிற்சி செய்து தசையைப் பலப்படுத்தினால்தான் நிற்கும்." 2009-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் 16 ஆய்வுகளை அலசி வந்த கட்டுரையில், நாள்பட்ட கழுத்து வலிக்கு லேசரின் பலன் 22 வாரம் வரை இருந்ததாகப் போட்டிருக்கிறதாம். நரம்பு அழுத்தத்துக்கு அந்த அளவு ஆய்வு இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பயிற்சி ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணி விடவேண்டும். தோள்பட்டைகள் இரண்டையும் பின்னால் சேர்த்துப் பிடித்து விடவேண்டும். காலை, மாலை பத்துப் பத்துத் தடவை. வலி கைக்கு இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். மொத்தம் கால் மணி நேரம்.

அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் வீட்டில் கிடைக்கவில்லை! உட்கார்ந்தால் பால் பொங்கும், பையனுக்கு சாக்ஸ் காணாமல் போகும். "கழுத்தை ஆட்டிக்கிட்டு உக்காந்தா உலை கொதிச்சிடுமா?" என்பார் மாமியார். எனக்கும் கூச்சமாகி விட்டுவிட்டேன். மூன்றாம் மாதம் வலி திரும்பி வந்தது.

தோழியரே, நம் வீடுகளில் மருந்துக்குச் செலவழிக்கத் தயங்குவதில்லை. நமக்கென்று கால் மணி நேரம் கேட்டால்தான் அதிசயமாகப் பார்க்கிறார்கள். கேட்க நமக்கும் வாய் வருவதில்லை, தப்பு நம்மிடமும் இருக்கிறது.

"இன்னும் பத்து நாள் லேசர் வச்சுக்கலாமா?" என்றார் கணவர். "லேசர் இருக்கட்டும். தினம் காலையில பாலை நீங்க காய்ச்சுங்க, போதும்" என்றேன். முதலில் சிரித்தார். இப்போது அவர்தான் காய்ச்சுகிறார். வாரத்தில் இரண்டு நாள் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. துடைப்பதும் அவர்தான்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.