டயருக்கு ஒரு நியாயம், கிரஷருக்கு ஒரு நியாயமா?

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல்லே நாள் முழுக்க ஊர்ந்தால் இரும்பு என்ன ஆகும்? சேலம், நாமக்கல் பக்கம் உள்ள கல் கிரஷர்களுக்குள் எட்டிப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஜல்லி சறுக்கி இறங்கும் சரிவுத் தொட்டியில் ஓட்டை. ஓட்டை மேல் ஒரு பிளேட். அந்தப் பிளேட்டிலும் ஓட்டை, அதன் மேல் இன்னொரு பிளேட்! கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போட்ட மாதிரி...

கேட்டால் முதலாளி ரெடியாக ஒரு பதில் வைத்திருப்பார். "கல்லுங்க, தேயத்தான் செய்யும். வெல்டர் கூலி என்ன பெரிய கூலி?" இந்த ஒரே பதிலில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு, இரும்புதான் உறுதி என்ற நம்பிக்கை. இந்தப் பக்கத்துக் கருங்கல்லில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7. சாதாரண இரும்புத் தகடு ஐந்தைத் தாண்டுவதில்லை. கடினத்தில் மோதினால் கல்தான் ஜெயிக்கும், எத்தனை பிளேட் ஒட்டினாலும் சரி. கல்லோடு மல்லுக்கு நிற்காமல் கொஞ்சம் வளைந்து கொடுத்து, மறுபடி பழைய நிலைக்கு வருகிற பொருள்தான் சறுக்கும் இடத்தில் நீடிக்கும். பாலியூரித்தேன் அப்படிப்பட்டது. 1937ல் ஜெர்மனியின் லெவர்குசன் நகரில் ஓட்டோ பேயரும் அவர் குழுவினரும் கண்டுபிடித்தது. மெத்தைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சும் இதே குடும்பம்தான். அதையே கெட்டியாக வார்த்துப் பலகையாக்கி, தொட்டியின் உள்பக்கம் போல்ட் போட்டு மாட்டினால் அதுதான் லைனர்.

எடையையும் பாருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், 20 மில்லிமீட்டர் கனம் உள்ள இரும்புத் தகடு சுமார் 29 கிலோ. அதே அளவு பாலியூரித்தேன் ஐந்து கிலோ கூட வராது. ஒரே ஆள் தூக்கி மாட்டிவிடலாம், தேய்ந்ததும் கழற்றிவிடலாம். கல் விழும் சத்தமும் குறையும்.

இரண்டாவது தப்பு, கணக்கு. வெல்டர் கூலி மட்டும்தான் செலவா? ஓட்டையை அடைக்கும் வரை கிரஷர் நிற்கிறது, வாசலில் டிப்பர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அதெல்லாம் யார் கணக்கு? 1966ல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்காகக் கவனித்தால் பிரிட்டன் வருடத்துக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்று கணக்குக் காட்டியது. அந்த அறிக்கையிலிருந்துதான் 'டிரைபாலஜி' என்ற துறைப் பெயரே புழக்கத்துக்கு வந்தது.

எந்தக் கணக்கிலும் வராத ஒருவர் இருக்கிறார். தொட்டிக்குள் ஊர்ந்து போய் வெல்டிங் வைக்கிறவர். உள்ளே புகை, வெளியே ஓட்டை வழியாகப் பறக்கும் கல் தூசி. அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றுவரை குணப்படுத்தும் மருந்து கிடையாது. புகையும் தூசியும் ஆபத்தான அளவில் உள்ள அடைசலான இடத்துக்குள் ஆளை இறக்கக் கட்டுப்பாடு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே 36ஆம் பிரிவில் சொன்னது. "என்ன பெரிய கூலி" என்பவர் இதற்கு என்ன விலை போடுவார்?

அதற்காக லைனர் விற்க வருகிறவர் சொல்வதையெல்லாம் நம்பிவிடவும் கூடாது. "இதைப் போட்டா எல்லா இடத்துக்கும் சரியாப் போகும்" என்பது பச்சைப் பொய். பாறையை நேருக்கு நேர் நொறுக்கும் தாடையில் மாங்கனீஸ் எஃகுதான் வேண்டும். ராபர்ட் ஹாட்ஃபீல்டு 1882ல் உருவாக்கிய அந்த எஃகு அடி வாங்க வாங்க இறுகும். பாலியூரித்தேனுக்குச் சூடும் ஆகாது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பெரும்பாலும் பலம் இழக்கத் தொடங்கும். சேலத்து வெள்ளைக்கல் சுரங்கத்தில் கல் இறங்கும் சரிவில் மாட்டலாம். அதே வெள்ளைக்கல் சூளையிலிருந்து சுடச்சுட வெளியே வரும் வாயில் மாட்டினால் காசு கரியாகும்!

இன்னொரு ஆபத்து, பழைய பழக்கம். லைனர் மாட்டிய தொட்டியிலும் வழக்கம்போல வெல்டிங் வைத்தால் அது தீப்பிடிக்கும். புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். முதலில் லைனரைக் கழற்ற வேண்டும், பிறகுதான் நெருப்பு. இதை விற்கும்போதே எத்தனை பேர் சொல்லுகிறார்கள்?

இத்தனைக்கும் இது நாமக்கல்காரர்களுக்குப் புது விஷயமே இல்லை. லாரி டயர் தேய்ந்தால் கம்பி தெரியும் வரை யார் ஓட்டுவார்? பட்டன் தேய்வதைக் கண்ணாலேயே அளந்து, உள் டயர் கெடும் முன் ரீட்ரேடிங்குக்கு அனுப்புகிற ஊர் இது. தேய வேண்டியது மேல் ரப்பர், பிழைக்க வேண்டியது டயர். லைனரின் தத்துவமும் இதேதான். தேய வேண்டியது லைனர், பிழைக்க வேண்டியது தொட்டி, அதைவிட முக்கியமாக அதற்குள் இறங்குகிற ஆள்.

செய்ய வேண்டியது பெரிய வித்தை இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த இடம் எந்தத் தேதியில் தேய்ந்தது, எத்தனை மணி நேரம் மிஷின் நின்றது என்று எழுதி வைத்தால் எங்கே எந்த லைனர் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். லாரிக்கு டயர் நோட்டு போடத் தெரிந்தவர்களுக்குக் கிரஷருக்கு ஒரு நோட்டு போடத் தெரியாதா என்ன?