இறந்த பின்னும் படிப்பிக்கலாம்: தீவக மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



இறப்பின் பின் உங்கள் உடலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் உடற்கூற்றியல் துறைக்குக் கொடுக்க முன்வாருங்கள் என்று நாரந்தனையில் வாழும் நாங்கள் கேட்கிறோம். 1978இல் தொடங்கிய இந்தப் பீடம் போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே மருத்துவர்களை உருவாக்கியது. உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகும் அங்கே படிப்பு நின்றுவிடவில்லை. ஊர்காவற்றுறை வைத்தியசாலையில் பார்க்க முடியாத நோயாளியை அம்புலன்ஸ் பண்ணைப் பாலத்தால் யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகிறது. நெடுந்தீவு, நயினாதீவுக்காரர் அதற்கு முன் கடலையும் கடக்கவேண்டும். இவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேருகிறவருக்கு அங்கே கத்தி பிடிக்கும் கை தேர்ந்த கையாக இருக்கவேண்டாமா?

அந்தக் கை முதலில் பழகுவது உயிரற்ற உடலில்தான். புத்தகப் படத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். உண்மையான உடலிலோ எல்லாம் கொழுப்புக்குள் ஒரே மங்கல் நிறத்தில் புதைந்து கிடக்கும். அக்குளில் பின்னிக் கிடக்கும் நரம்புகளை இடுக்கியால் இழை இழையாகப் பிரித்துப் பார்த்த மாணவருக்குத்தான் எது எந்த விரலுக்குப் போகிறது என்று பிடிபடும். பித்தப்பைக்குப் போகும் நாடி எல்லாருக்கும் ஒரே இடத்தில் கிளைப்பதில்லை. அதைத் தெரியாமல் வெட்டினால் இரத்தம் பெருகும். கணினியும் பிளாஸ்ரிக் மாதிரிகளும் வந்துவிட்டனவே என்று கேட்பீர்கள். அவை உதவும். ஆனால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி, ஆளுக்காள் உள்ள வேறுபாட்டைக் காட்டாது. மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீனின் முயற்சியால் 1872இலேயே ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்றியல் நூல் வெளிவந்தது. நூலறிவுக்கு நம் மண்ணில் என்றுமே குறைவில்லை. உடலை மட்டும் மனிதர்தான் கொடுக்கவேண்டும்.

கிரியைகள் என்னாவது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. சைவர்கள் வீட்டில் கிரியை முடித்து, வாய்க்கரிசி போட்டு உடலைக் கையளிக்கலாம். அந்தியேட்டிக்கும் திவசத்துக்கும் தடையில்லை. காடாற்றிச் சாம்பலைக் கீரிமலையில் கரைப்பது மட்டும் வழமைபோல் நடக்காது. அது பெரிய இழப்புத்தான், அதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. கத்தோலிக்கர்கள் கோவிலில் திருப்பலி ஒப்புக்கொடுத்துவிட்டுக் கையளிக்கலாம். இறந்த உடல் ஆய்வுக்கு உதவுவதைத் திருச்சபை தடுக்கவில்லை. நம்மவர் இதற்கு மனம் வைக்கமாட்டார்கள் என்பாருக்கு ஒன்று சொல்வோம்: 1961இல் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக இலங்கையர் கொடுத்த கண்கள் பல நாடுகளில் பார்வை தந்திருக்கின்றன.

பெரும்பாலும் காரியம் கெடுவது செத்தவீட்டில்தான். பெற்றவர் எழுதிவைத்தது தெரியாமல் பிள்ளைகள் தடுமாறுவார்கள். கனடாவிலிருந்து மகன் வரட்டும் என்று உடலை நாட்கணக்கில் வைத்திருப்பார்கள். தாமதித்தால் உடல் படிப்புக்கு உதவாமல் போகலாம். மரண விசாரணை, தொற்றுநோய் போன்ற காரணங்களால் பீடம் ஏற்காமலும் விடலாம், அதையும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பீடத்தில் படிவம் வாங்கி நிரப்பி, ஒரு பிரதியை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுடன் அடுத்த முறை தொலைபேசியில் கதைக்கும்போதே இதையும் கதைத்து, அவர்களின் சம்மதத்தைக் கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
நாரந்தனை வாழ் மக்கள் சிலர்