வாஷ்பேசினில் ரெட் சிக்னல்!

காலையில பல் தேய்ச்சுத் துப்பும்போது வாஷ்பேசின்ல லேசா சிவப்பு தெரியுதா? ‘பிரஷ் ஹார்டு மச்சி’னு சொல்லிட்டு, அந்த இடத்தை மட்டும் நைஸா விட்டுட்டுத் தேய்க்கிற ஆளா நீங்க? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான்!

ஆரோக்கியமான ஈறு, பிரஷ் பட்டதுமே ரத்தம் கக்காது பாஸ். பல்லும் ஈறும் சேர்ற ஓரத்தில் பாக்டீரியா படலம் படியும். அதைத் தேய்ச்சு எடுக்கலைன்னா ஈறு சிவந்து வீங்கும். தொட்டா ரத்தம் வரும். டாக்டருங்க பாஷையில் ‘ஜின்ஜிவைட்டிஸ்’. பெரும்பாலும் வலிக்காது. அதுதான் வில்லங்கமே! பயந்து அந்த இடத்தை விட்டுட்டா, படலம் இன்னும் சேரும். ரத்தமும் இன்னும் வரும்.

1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரத்தில், ஹரால்ட் லோ என்ற ஆராய்ச்சியாளரின் குழு 12 பேரை பல் துலக்கவே வேண்டாம்னு சொல்லிப் பார்த்தது. அதில் 9 பேர் ஃபர்ஸ்ட் இயர் பல் மருத்துவ மாணவர்கள்! 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிடுச்சு. கிட்டத்தட்ட நம்ம ஸ்டடி லீவு கணக்கு! மறுபடி ஒழுங்கா தேய்க்க ஆரம்பிச்சதும், சுமார் ஒரே வாரத்தில் சரியாயிடுச்சு.

அதாவது, இந்த ஸ்டேஜ் அரியர் மாதிரி... உட்கார்ந்தா க்ளியர் பண்ணிடலாம். கண்டுக்காம விட்டா? படலம் இறுகிக் காரையாகும். ஈறு பல்லை விட்டு விலகும். பல்லைத் தாங்குற எலும்பு கரைய ஆரம்பிக்கும். இது ‘பெரியோடான்டைட்டிஸ்’. சிவில் பசங்களுக்குச் சட்டுனு புரியும்... மேலே பில்டிங் பளபளன்னு நிற்கும், கீழே மண் அரிச்சுப் போயிருக்கும். சிகிச்சை எடுத்தா மேற்கொண்டு கரையாம நிறுத்தலாம். போன எலும்பு முழுசா திரும்பி வர்றது கஷ்டம்!

கண்ணாடி முன்னாடி நின்னு செக் பண்ணுங்க...

* ஈறு உப்பி, சிவந்து மினுமினுக்குதா? (நம்மில் பலருக்கு ஈறு இயல்பாவே கறுப்பா இருக்கும். அது நோய் இல்லை!)

* ஈறு இறங்கி, பல் நீளமான மாதிரி தெரியுதா?

* விடாத வாய் நாற்றம், சீழ், ஆடுற பல்? உடனே டாக்டர்!

* தம் பார்ட்டிகளே... சிகரெட் ஈறு ரத்தக் கசிவைக் குறைச்சுக் காட்டும். உங்களுக்கு ரத்தம் வரலைன்னா ‘சேஃப்’னு அர்த்தம் இல்லை.

சரி, என்ன பண்ணணும்? சாஃப்ட் பிரஷ்ஷை ஈறு ஓரமா சாய்ச்சு வெச்சு, மெதுவா 2 நிமிஷம்; காலை, ராத்திரி ரெண்டு வேளையும். பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் நூல். ரெண்டு வாரம் ஆகியும் ரத்தம் நிக்கலைன்னா டென்டிஸ்ட்கிட்ட போயிடுங்க. காரை ஒருமுறை இறுகிட்டா எந்த பேஸ்ட்டும் அதை எடுக்காது. ஸ்கேலிங்தான் வழி. ‘ஸ்கேலிங் பண்ணினா பல் ஆடும்’கிறது சும்மா புரளி. காரை போனதும் அது அடைச்சிருந்த இடைவெளி வெளியே தெரியும், அவ்வளவுதான்.

பர்ஸ் காலியா? சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. நம்ம வயசு ஸ்டூடன்ட்ஸ்தான் அங்கே பேராசிரியர்கள் மேற்பார்வையில் பார்ப்பாங்க!

ரோட்டில் ரெட் சிக்னல் விழுந்தா நிக்கணும். வாஷ்பேசினில் விழுந்தா மட்டும் பிரஷ்ஷை நிறுத்திடாதீங்க!